பிறரை அளக்குங் கோல்

காவிரிக்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் தொண்ணூறு அகவையைக் கடந்த ஓர் அம்மையார் இறந்துபோக, அவ்வீட்டாரோடு எமக்கிருந்த நெடுநாட் பழக்கம்பற்றி யாம் அங்குச் சென்றிருந்தேம். தெருமுனையை அணுகும்போதே பறையும் உறுமியும் முழங்குவது செவியிற்பட்டது. பந்தலின் முன்னே பேரன்மாரும் அவர்தம் தோழரும் ஆடிக்கொண்டிருந்தனர். பாடை தேர்போலப் பூவால் அணிசெய்யப்பட்டிருந்தது. வந்தவர்க்கெல்லாம் வெற்றிலைபாக்கு வழங்கப்பட்டது. சிலர் நகைத்தும் உரையாடினர். விளக்கேற்றித் திருவாசகம் ஓதிக் குரல் தாழ்த்தி இறந்தாரை வழியனுப்பும் குடியிற் பிறந்த எமக்கு அக்காட்சி பெரிதும் வெறுப்பை விளைத்தது. பெற்றவள் மறைந்தாள் என்னும் துயரேனும் இவர்க்கு உண்டோ என உள்ளத்தே எண்ணினேம். எண்ணியதனோடு அமையாது, மூத்த மகனாரைத் தனியே அழைத்து, கொட்டினைச் சற்றே குறைக்கலாகாதா என்றும் வினவிவிட்டேம்.

அவர் சினந்தாரல்லர். “ஐயா, சென்ற ஆண்டு தங்கள் தகப்பனார் சிவபதம் அடைந்தபொழுது நானும் தங்கள் வீட்டிற்கு வந்திருந்தேன். ஓதுவார் பாட, நீங்களெல்லாரும் கைகட்டி நின்றீர்கள். ஒருவரும் வாய்விட்டு அழவில்லை. அன்றிரவு அம்மாவிடத்தில், பெற்ற தகப்பனை அனுப்புகிற முறை இதுதானா, அங்கே அழுவதற்கு ஓர் ஆள் இல்லையே என்று சொன்னேன். அதற்கு அம்மா, அவர்கள் அழுகை பாட்டுக்குள்ளே இருக்கிறதடா, உன் காதுக்குத்தான் எட்டவில்லை என்றாள்” என்று கூறிவிட்டுப் பந்தலுக்குச் சென்றார். அங்ஙனம் கூறிய அம்மையாரே அப்பூந்தேரிற் கிடந்தார். எழுத்தறியாதவர் என்று யாம் கருதியிருந்த அவர் எம்மை அறிந்த அளவு, யாம் அவர் குடியை அறிந்திலேம்.

அன்றுதொட்டு இவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. ஒருவரை அன்புடையர் அன்பிலர் என்றும், தூயர் தூயரல்லர் என்றும் யாம் துணிகின்றோமே, அத்துணிவு எதிர்நிற்பாரைக் கண்டு பிறந்ததா, யாம் வளர்ந்த வழக்கிலிருந்து பிறந்ததா? சிவாகமங்களும் சித்தாந்த சாத்திரங்களும் பயின்றோர்க்கு இவ்வினா புறத்ததன்று. உயிரின் இயல்பு யாது, அதன் அறிவு எவ்வாறு விளங்குகின்றது என்னும் ஆராய்ச்சியின் ஒரு கூறே இது.

கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த எரோடோட்டசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஒரு செய்தி எழுதிவைத்துள்ளார். பாரசீகப் பேரரசனாகிய தரியசு, தன் அவைக்கண் இருந்த கிரேக்கரை நோக்கி, எத்துணைப் பொருள் பெறின் இறந்த தந்தையின் உடலை உண்பீர்கள் என வினவினான். எதன்பொருட்டும் செய்யோம் என்றனர் அவர். பின்னர், பெற்றோர் உடலை உண்ணும் வழக்கினராகச் சொல்லப்பட்ட கல்லாத்தியர் என்னும் இந்தியக் கூட்டத்தாரை வருவித்து, அக்கிரேக்கர் கேட்டிருப்ப, எத்துணைப் பொருள் பெறின் அவ்வுடலை எரிப்பீர்கள் என வினவினான். அவர் அலறி, அத்தகைய சொல்லை வாயாலுங் கூறற்க என்றனர். அவ்வாறு உண்ணும் குடியினர் மெய்யாகவே இருந்தனரோ என்பது வேறு வினா. இரு திறத்தாரும் காட்ட விரும்பியது ஒன்றே, தந்தைபால் மதிப்பு. ஒருவர் மதிப்பின் அடையாளமே மற்றவர்க்கு அவமதிப்பின் எல்லையாயிற்று. இதற்கு நாம் பாரசீகம் வரை செல்லவேண்டுவதுமின்று. சைவ இல்லறத்தார் பலர் தந்தையின் உடலை எரியூட்டுவர். ஆதீனங்களிலோ துறவு பூண்டோரை எரியூட்டாது சமாதி வைத்துக் குருபூசை ஆற்றுவர். தம் தந்தையைப் புதைத்தல் தகாது எனத் துடிக்கும் அதே அன்பர் குருமூர்த்தத்தின் முன் வீழ்ந்து வணங்குகின்றார். இரண்டும் அவர்க்கு ஒருங்கே முறையாகத் தோன்றுதல், இரண்டன் பொருளும் அவர்க்குத் தெரியுமாகலின் என்க. பொருள் தெரியாத விடத்தே செயல் ஒன்றே கண்ணிற்படுகின்றது. அதன்மேல் நம் பொருளை நாமே ஏற்றிக்கொள்கின்றோம்.

அற்றேல், எல்லா மதிப்பீடும் வழக்கின் மயக்கமே, நன்று தீது என ஒன்றில்லை, அவரவர்க்கு அவரவர் வழக்கே நீதி எனக் கொள்ளலாமோ எனின், கூறுதும். சித்தாந்தி அங்ஙனம் கொள்ளமாட்டான். உள்பொருள் உண்டு என்றும், அதனை அறியும் அளவை உண்டு என்றும் கொண்ட நெறி நம் நெறி. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதர் முதற் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு திறத்தார் கொள்கைகளை எடுத்து மறுத்தனர். எல்லாம் ஒன்றே, எதுவும் பிழையன்று என்பது அவர்க்குக் கருத்தாயின் அத்துணை உழைப்பு வீணாய் முடியும். ஆயின் அந்நூலின் அமைப்பை நோக்குக. ஒவ்வொரு திறத்தார் மதத்தையும் முதற்கண் அவர் நின்ற நிலையில் நின்று கூறி, அதன்பின்னரே மறுதலை கூறப்படுகின்றது. மறுக்கப்படுவானது வாயை அடைத்துவிட்டு மறுத்தல் ஆசிரியர்க்கு உடன்பாடன்று. கொள்கைகளை ஆராயுமிடத்து இத்துணை நேர்மையைக் கைக்கொண்ட மரபினராகிய யாம், மனிதரை ஆராயுமிடத்து அவர் மதம் கேளாதே மறுதலைக்குப் போய்விடுகின்றோம். இஃது ஏன்?

இதற்கு விடை அளவையியலிலேயே உண்டு. காட்சி, நிருவிகற்பம் சவிகற்பம் என இருவகைப்படும். ஒன்று உண்டு என்னும் அளவில் நிற்பது முன்னையது. அதனைப் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு கூட்டித் துணிவது பின்னையது. உலகியலில் நாம் கண்டேம் என்று கூறுவனவெல்லாம் சவிகற்பமே. அக்கூட்டப்படுவனவற்றுள் பெயரும் சாதியும் ஒருவன் தானே படைத்துக்கொண்டன அல்ல. தாய்ப்பாலோடும் தாய்மொழியோடும் அவன் குடியினின்று பெற்றுக்கொண்டவை. (ஈண்டுச் சாதி என்றது பொதுத்தன்மையை, ஊர் வழக்கிற் கூறும் குலத்தையன்று. ஆயினும் நம்மனோர் ஒரு மனிதரைக் கண்டவுடன் முதற்கண் கூட்டிப் பார்ப்பது எதனை என்பதனை ஈண்டு விரித்துக் கூறவேண்டுமோ?) ஆகவே, கொட்டு முழங்கும் பந்தலைக் கண்டபோது யாம் கண்டது ஒலியும் ஆட்டமுமே, ‘துயரின்மை’ என்னும் பெயர் எம் வீட்டிலிருந்து யாம் எடுத்துச் சென்றது. எடுத்துச் சென்றது என்பதனை அறியாமையாற் கண்டது என்றே மயங்கினேம்.

இம்மயக்கத்தின் வேர் இன்னும் ஆழமுடையது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலையாய கொள்கை. இதனைப் படிகத்தின்மேல் வைத்து விளக்குதல் ஆசிரியர் வழக்கு. செம்மலரைச் சார்ந்த படிகம் செந்நிறமாய்த் தோன்றும். ஆயின் தான் செந்நிறத்தது எனக் கருதுதற்குப் படிகத்திற்கு அறிவில்லை. உயிர்க்கோ அறிவுண்டு. அதனாலேயே அஃது ஏற்ற நிறத்தைத் தன் நிறம் எனத் துணிந்து, அந்நிறமில்லாத பிற உயிர்களை நிறங்கெட்டன என இகழவும் தொடங்குகின்றது. உவமையினும் உவமேயம் இழிந்து நிற்கும் இடம் இஃதொன்று. அராக தத்துவம் ஒரு பொருளின்கண் விழைவைத் தூண்ட, புத்தி இது நன்று எனத் துணிய, அகங்காரம் யானே துணிந்தேன் என எழ, இத்துணைக் கருவிகளின் வழி வந்த ஒரு முடிபினை, இடையே எக்கருவியும் இல்லாததுபோல யாம் மெய்ம்மை என்று வழங்குகின்றோம்.

மெய்கண்டதேவ நாயனார் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில், ஐம்புலன்களாகிய வேடரிடத்து வளர்ந்து தன்னை மறந்த உயிரைக் குரு வந்து உணர்த்துதல் கூறப்படுகின்றது. அரசன் மகன் வேடரிடை வளர்ந்து தன்னையும் வேடனாகவே எண்ணியிருந்த கதையை உட்கொண்டது அவ்வுவமை. வளர்ந்த இடம் ஒருவனுக்குத் தன்னைப்பற்றிய அறிவையே மாற்றிவிடுமாயின், பிறரைப்பற்றிய அறிவை மாற்றுதல் எம்மாத்திரம்? இனி, இவ்வுவமையை ஓதியோதி வேடர் என்பாரை அறியாமைக்கு எடுத்துக்காட்டாகவே பயின்றுவிட்ட நம் உள்ளம், அவ்வேடர் குடியிலேயே பிறந்த ஒருவர் அன்பிற்கு எல்லையாக நின்றமையைப் பெரியபுராணத்திற் காணுங்கால் சிறிது திகைத்தல் வேண்டும். திகையாது கடந்துபோவோமாயின் யாம் அதனைப் படித்தேமல்லேம்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் மகனாய்த் தோன்றிய திண்ணனார் திருக்காளத்தி மலையிற் குடுமித்தேவரைக் கண்டு ஆறு நாளிற் பேறு பெற்ற வரலாற்றைச் சைவர் அறியாதிரார். அதனை மீட்டுங் கூறுதல் எம் நோக்கமன்று. அவ்வாறு நாளும் ஒரே சந்நிதியில் இரு வழக்குகள் மாறிமாறி வந்து, ஒன்றையொன்று காணாமலே ஒன்றையொன்று அழித்துச் சென்றமையே ஈண்டு நோக்கத்தக்கது. திண்ணனார் இறைச்சியைத் தீயில் வதக்கி, ஒவ்வொன்றையும் நாவினாற் சுவைத்துப் பார்த்து, நல்லனவற்றைத் தேக்கிலைக் கல்லையிற் சேர்த்துக் கொணர்ந்தார். திருமஞ்சனத்திற்குரிய நீர் அவர் வாயில் இருந்தது. மலர் அவர் தலையில் இருந்தது. இறைவர் திருமுடிமேலிருந்த பழைய மலரை அவர் நீக்கியது காற்செருப்பினால். சிவாகம விதியில் நின்று நோக்குவார்க்கு இவற்றுள் ஒன்றேனும் குற்றத்தின் நீங்கியதன்று. எச்சில், ஊன், செருப்பு என அடுக்கி வருகின்றன.

இனி, அவற்றைத் திண்ணனார் குடியில் நின்று நோக்குக. கானகத்தில் வாழ்வார்க்கு உணவாவது வேட்டையிற் கிடைப்பதே. கிடைத்ததிற் சுவையற்றதும் உண்டு, வேவாததும் உண்டு. தாம் மதிப்பார்க்குக் கொடுக்குமுன் தாமே சுவைத்துப் பார்த்தல் அவர்க்கு ஓம்பலின் முடிவான முறை. பிள்ளைக்குச் சோறூட்டும் தாய் சூடு பார்த்து ஊட்டுவதனை எச்சில் என்று யாரும் கூறுவதில்லை. ஒரு கையில் வில்லும் ஒரு கையில் ஊனும் ஏந்தியவர்க்கு நீர் கொள்ள வாயும், மலர் கொள்ளத் தலையுமன்றி வேறிடமில்லை. கை நிறைந்தவன் காலாற் செய்வதும் அன்ன முட்டுப்பாடு பற்றியதேயன்றி இகழ்ச்சி பற்றியதன்று. ஆகவே சிவகோசரியார்க்கு அனுசிதமாய்த் தோன்றிய ஒவ்வொன்றும் திண்ணனார்க்குத் தலையன்பின் வடிவாய் இருந்தது. அவ்வொவ்வொன்றையும் சிவகோசரியார் அலகிட்டுக் கழுவி நீக்கினார்.

சிவகோசரியார் தீயவரல்லர். இதனை நம் பிரசங்கியார் சிலர் மறந்து, அவரை வறட்டுச் சடங்காளராக்கி அவையோரை நகைப்பிப்பர். சேக்கிழார் சுவாமிகள் அங்ஙனம் செய்தாரில்லை. முனிவர் சந்நிதியிற் கிடந்த எலும்பையும் ஊனையும் கண்டு அஞ்சி விலகியதும், இது செய்தார் வேடரே ஆவர் எனத் துணிந்து வருந்தியதும், தூய்மை செய்து பொன்முகலியில் நீராடிப் பூசனை முடித்ததும் அன்பினாலேயே நிகழ்ந்தன. தம் பொருட்டு அவர் ஒன்றும் வேண்டினாரல்லர். அன்புடைய ஒருவர் மற்றோர் அன்பரின் வழிபாட்டினை அன்பினாலேயே அழித்தார் என்பது இவ்வரலாற்றின் கடுமை. பகையினாற் பிறரைப் பிழைபட மதிப்பாரைத் திருத்தல் எளிது. தாம் உயர்ந்ததெனக் கொண்ட ஒன்றன்மேல் உள்ள மெய்யன்பே பிறரைப் பிழைபட மதிப்பிக்குமாயின் அதற்கு மருந்து யாது?

இறைவர் செய்த மருந்தினை நோக்குக. கனவின்கண் தோன்றி, அவ்வேடருடைய செயலெல்லாம் தமக்கு இனியன என அருளினார். அவ்வளவில் விடாது, மறுநாள் மறைந்து நின்று காண்க எனவும் பணித்தார். உரையளவை ஒன்றே போதுமாயின் இறைவரது உரையினும் சிறந்த உரை யாண்டுளது? கனவிலே கேட்ட பின்னரும் காட்சி வேண்டப்பட்டது. வழக்கினால் ஏறிய நிறம் சொல்லினால் முற்றும் நீங்காது. எதிருள்ளவன் தன் செயலைத் தன் நிலையில் நின்று செய்யக் காணுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அதனைக் காணுங்கால் காண்பான் மறைந்து நிற்றல் வேண்டும் என்றதும் பொருளுடைத்து. திருத்த வந்தவராக எதிரே நின்றிருப்பின் சிவகோசரியார் கண்டிருக்கத்தக்கது வேறு.

மற்றொன்றும் உண்டு. சிவாகம விதி பிழை என்று இறைவர் கூறினாரில்லை. முனிவரது பூசனையும் அவர்க்கு உவப்பானதே. விதி நின்றது, விதியின்கண் அடங்காத ஒன்றும் உண்டு என்பதே விளங்கிற்று. இதனையொத்த நிகழ்ச்சி அண்மைக் காலத்துத் தமிழ்ப் புலவரிடையேயும் நிகழ்ந்ததாகக் கூறுவர். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிச் சென்றனர். அதன்கண் இலக்கண வழுக்கள் இருந்தன. பெரியபுராணத்தில் இல்லாத செய்திகளும் இருந்தன. ஆகவே பிள்ளையவர்கள் இசையாது காலந்தாழ்த்தினர். பாரதியார் பன்முறை வந்து வந்து போயினர். ஒருநாள் அவர் தம் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பக் கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தனர் என்ப. அதனால் வழு வழுவாதல் நீங்கிற்றோ எனின், இல்லை. பிள்ளையவர்கள் தம் இலக்கணத்தைக் கைவிட்டாரல்லர். ஏட்டிற் கண்டபொழுது வழுவாய் நின்றது, பாடக் கேட்டபொழுது வழுவோடு கூடிய வேறொன்றாய் நின்றது. கோல் ஒன்றேயாயினும், அக்கோலால் அளக்கலாகாத நீளமும் பொருளுக்கு உண்டு என அப்பெரியார் கண்டுகொண்டனர். கீர்த்தனையின் பொருளாய் நின்றவர் தில்லைக்குப் புறத்தே நின்ற திருநாளைப்போவார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவரைப் பின்னர்க் கூறுதும்.

புறத்தே கண்டதனைக் கொண்டு அகத்தைத் துணிதலை நம் நூலே விதிக்கின்றதன்றோ, சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தை அரன் எனத் தொழுக என்கின்றதே எனச் சிலர் வினவுவர். நன்று வினவினர். திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார், நீறணிந்து புத்தக முடிச்சோடு வந்த முத்தநாதனை வேடம் ஒன்றே கண்டு வணங்கினார். அவன் வாள் கொண்டு குத்தினான். தத்தன் அவனைக் கொல்லப் பாய, நாயனார் தடுத்து, ஊர் எல்லை கடக்கும்வரை தீங்கின்றி விடுத்துவரப் பணித்தார். உலகியலார் இதனைப் பிழைபட்ட மதிப்பு என்பர். சிவகோசரியாரும் புறத்தே கண்டு துணிந்தார். மெய்ப்பொருளாரும் புறத்தே கண்டு துணிந்தார். ஒருவர் துணிவை இறைவர் திருத்தினார். ஒருவர் துணிவுக்குத் தம் அடிநிழல் தந்தார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

எமக்குத் தோன்றுவதனைக் கூறுகின்றேம், கற்றுணர்ந்தோர் ஆராய்க. பிறரை மதிப்பிடுங்கால் பிழை நேர்தல் சார்ந்ததன் வண்ணமாம் உயிர்க்கு முற்றும் தவிர்க்கலாவதன்று. ஆயின் அப்பிழையின் விலையைச் செலுத்துவார் யார் என்பது நம் கையிலுள்ளது. மதித்துப் பிழைத்தவன் தானே அவ்விலையைச் செலுத்துகின்றான். மெய்ப்பொருளார் தம் உயிரைச் செலுத்தினார். இகழ்ந்து பிழைத்தவனோ ஒரு காசும் செலுத்துவதில்லை. இகழப்பட்டவனே முழுதும் செலுத்துகின்றான். மெய்ப்பொருளார் அரசர், அவர் மறைவினால் நாடும் தேவியாரும் துன்புற்றிலரோ என்று கேட்பின், துன்புற்றனர். அதனை யாம் மறைக்கவில்லை. ஆயினும் தம் துணிவின் சுமையை முதற்கண் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டவர் அவரே. வேடத்தைத் தொழுக என்ற நூல், வேடமில்லாதாரை இகழ்க என யாண்டும் கூறவில்லை என்பதனையும் ஈண்டுக் காண்க. யாம் விதித்ததனை விட்டு விதியாததனை மிகுதியுங் கைக்கொண்டேம். நெற்றியில் நீறில்லாதாரைக் கண்டவுடன் ஏதோ ஒன்றைத் துணிந்துவிடுதலைச் சைவப்பற்று என்று எண்ணி வந்தேம்.

இவ்விலையைப் பற்றிக் கூறத் தொடங்கியபின் தில்லையைக் கடந்துபோதல் இயலாது. ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்த திருநாளைப்போவார், கோயிற் பேரிகை முதலியவற்றிற்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் கொடுத்த தோல் சந்நிதியிற் புகுந்து முழங்கிற்று. கொடுத்தவர் வாயிலுக்குப் புறத்தே நின்றார். தோலைத் தூயதெனவும் தோல் கொடுத்த கையைத் தூயதன்றெனவும் கொண்ட கோல் எவ்வாகமத்தின்பாற் பட்டது என்று யாம் வினவிக்கொண்டதுண்டோ? திருப்புன்கூரில் நந்தி விலகிற்று. தில்லையிலோ அவர் எரியில் மூழ்கி எழவேண்டியதாயிற்று. அதுவும் இறைவர் ஆணையே என்பர்; மறுக்கின்றேமல்லேம். சிவகோசரியார்க்குக் கனவும் ஒரு மறைவிடமும் அருளிய இறைவர் இவர்க்கு எரியை அருளியது, எரியினாலன்றிக் காணமாட்டாத கண்கள் அங்கிருந்தமை பற்றி என்பதே எமக்குத் தோன்றும் அமைதி. எரி அவரைத் தூய்மை செய்தற்கன்று, கண்டாரைத் தெளிவித்தற்கு. விலை செலுத்தியவர் அவர். தெளிவு பெற்றவர் பிறர்.

இது பழங்கதை என்று அமைதல் கூடுமோ? திருவிதாங்கூரில் அரசரது ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாளிலேயே. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில், விலக்கப்பட்டிருந்த குலத்தார் வைத்தியநாத ஐயர் முதலியோருடன் உட்புகுந்து வணங்கியது 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள். சென்னை மாகாணம் முழுதிற்கும் பொதுவான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். சேக்கிழார் புராணம் பாடிய காலத்திற்கும் இவ்வாண்டுகளுக்கும் இடையே எத்துணை நூற்றாண்டுகள்! அத்துணைக் காலமும் திருநாளைப்போவார் குருபூசையை நாம் நடத்தி வந்தேம்; அவர் குலத்தாரை வாயிலில் நிறுத்தியும் வந்தேம். மதுரையில் 1939-இல் ஆலயத்தின் தூய்மை கெட்டது எனக் கருதிப் பட்டர்களிற் சிலர் பூசனைக்கு வர மறுத்தனர். அவர்களை வசைபாடுதல் எம் கருத்தன்று. சிவகோசரியார் கற்ற நூலையே அவர்களும் கற்றனர். அவர் கொண்ட அச்சத்தையே கொண்டனர். அவர் ஆறாம் நாள் மறைந்து நின்று பார்த்தார். இவர்கள் பார்த்தற்கு ஒருப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே, அவ்வளவும் பெரிது.

வழக்கினை முற்றும் உதறி, எந்நிறமும் ஏலாத கண்ணோடு பிறரைக் காண்பேன் என ஒருவர் சூளுரைப்பாராயின் அதனை யாம் நம்பேம். பாசநீக்கம் பெறாத உயிர்க்கு அஃது இயல்வதன்று. அங்ஙனம் இயன்றதாக எண்ணுதலும் ஆணவத்தின் மற்றொரு தொழிலே. யாம் இன்றும் எம் வீட்டில் இறந்தார்க்குத் திருவாசகமே ஓதுகின்றேம். கொட்டுக்கு எம் செவி இன்னும் பழகவில்லை. ஆயின் கொட்டுக் கேட்கும்பொழுதெல்லாம், அதனுள்ளே எமக்கு எட்டாத ஒன்று இருக்கின்றது என்னும் நினைவு ஒருபடியாக எழுகின்றது. அவ்வம்மையார் ஓராண்டுக்கு முன்னரே எமக்கு அளித்த மதிப்பினை யாம் அவர்க்கு அவர் மறைந்தபின்னரே அளிக்கலாயிற்று.

காளத்தி வரலாற்றில் எம் உள்ளத்தைவிட்டு நீங்காத ஓரிடம் உண்டு. சிவகோசரியார் காணும்பொருட்டு முதற்கண் குருதி சொரிந்தது இறைவர் திருக்கண். அடுத்துப் பெயர்க்கப்பட்டது திண்ணனார் கண். காண வந்த முனிவர்க்கு ஊறு ஒன்றும் நேரவில்லை. கண்ணப்பர் இறைவர் வலத்தே நிற்கும் பேறு பெற்றதனோடு புராணம் நிறைவுறுகின்றது. மறுநாட் காலையில் முனிவர் பூக்கூடையோடு மலையேறி வந்திருப்பரன்றோ? சந்நிதியிற் கல்லையும் ஊனும் கிடந்திருக்கும், குருதியும் காய்ந்திருக்கும். அவற்றை அவர் அலகிட்டுக் கழுவினாரோ, கழுவுமுன் ஒருகணம் நின்றாரோ, நின்று யாது நினைந்தாரோ, சேக்கிழார் சுவாமிகள் கூறாது விட்டனர்.